வாலிநோக்கத்தில் தூள், சேலத்தில் சூளை

ராமநாதபுரம் மாவட்டத்தின் தொழில் வளர்ச்சி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் சூரிய மின்சாரம், எரிவாயு, ராமேஸ்வரம் சுற்றுலா என்பதோடு நின்றுவிடுகிறோம். 1974-இல் தொடங்கப்பட்டு வாலிநோக்கத்தில் இயங்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் நினைவுக்கு வந்தாலும், ரேஷன் கடை உப்புப் பாக்கெட்டைத் தாண்டி யோசிப்பதில்லை. உப்பை வாரிய பிறகு பாத்தியில் எண்ணெய்போல் வழவழப்பான ஒரு நீர் மிஞ்சும். நாக்கில் பட்டால் கசக்கும். கடலில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவில் இருக்கும் மக்னீசியம், வெயிலில் சுண்டிச் சுண்டி இந்தக் கசப்பு நீரில் ஏறத்தாழ முப்பது மடங்காகச் செறிந்துவிடுகிறது. இதிலிருந்து உயர்தூய்மை மக்னீசியாத் தூள் எடுக்கும் ஆலை இந்தக் கரையில் வர வேண்டும். அதைச் சுடும் பெரிய சூளை இங்கே வேண்டாம்.

மக்னீசியம் ஆக்சைடைத்தான் மக்னீசியா என்கிறோம். அது உருக 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருக்காலையில் உருகிய எஃகைத் தாங்கும் செங்கல்லிலிருந்து, வாளித் தண்ணீரைக் காய்ச்ச முக்கிவைக்கும் ஹீட்டர் வரை அதற்குப் புழக்கம் உண்டு. ஹீட்டர் குழாயின் குறுக்கு வெட்டில் நடுவே கம்பிச் சுருளும், அதற்கும் குழாய்க்கும் இடையே இறுகிய வெள்ளைத் தூளும் தெரியும். வெப்பத்தை வெளியே விட்டு மின்சாரத்தை மறிப்பது அந்தத் தூள். இத்தகைய பொருள்களை உருக்கி வார்ப்பது அரிது. தூளை அச்சில் அழுத்தி, உருகுநிலைக்கு வெகு கீழே, 1,600 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சுடுகிறார்கள். துகளும் துகளும் தொடும் இடத்தில் அணுக்கள் நகர்ந்து இணைப்பு தடிக்கிறது, இடையில் இருந்த காற்றுத்துளை சுருங்குகிறது, அச்சிலிருந்து வந்த வில்லை கண்ணுக்குத் தெரியும்படி சிறுக்கிறது. இதுதான் சின்டரிங். தூள் நுண்மையாகவும் சீராகவும் இருந்தால் அணு நகர வேண்டிய தூரம் குறைவு, சீக்கிரம் இறுகும். கட்டி கட்டியாக இருந்தாலோ பெரிய துளைகள் தங்கிவிடும், எத்தனை மணி நேரம் சுட்டாலும் போகாது. ஆக, சரக்கின் தரம் சூளைக்குள் போகுமுன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நாமோ தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியைத்தான் தேடுகிறோம்.

சேலத்தில் வெள்ளைக்கல் எனும் மக்னசைட் இருக்கும்போது உப்பளத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கல்லில் சிலிக்கா கூடுதல். உயர்தரச் சரக்குக்கு நம் ஆலைகள் நெடுங்காலமாகச் சீனாவை நம்பியிருக்கின்றன. கரைசலிலிருந்து படியவைக்கும் தூளில் சிலிக்காவை அடக்குவது எளிது. ஆனால் கல்லைச் சுட்டுப் பழகிய கைகளும் சூளைகளும் சேலத்தில் இருக்கின்றன, எனவே தூள் அங்கே போகட்டும். வழுதூர் எரிவாயுவைக் காட்டி இங்கேயே சூளை கேட்பவர்களுக்கு ஒரு பதில்: அந்த வாயு ஏற்கெனவே மின்நிலையத்துக்குப் போகிறது, புதுக் கிணறு என்றாலோ விவசாயிகளும் மீனவர்களும் எதிர்க்கிறார்கள். தூள் ஆலைக்கு அவ்வளவு வெப்பம் தேவையில்லை. கசப்பு நீரில் சுண்ணாம்பு சேர்த்துப் படியவைக்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடை ஆக்சைடாக்க ஆயிரம் டிகிரிக்கும் கீழே போதும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் உள்ள மாவட்டத்தில் அதை மின் உலையிலேயே செய்யலாம்.

முன்பே பட்டது போதாதா என்பது அடுத்த கேள்வி. மக்னீசியத்துக்கும் கடல்சார் வேதிப்பொருள்களுக்கும் என்றே மாநில அரசு ஒரு நிறுவனம் தொடங்கி, அது நின்றுபோனது உண்மை. ஆனால் மக்னீசியம் உலோகத்தை மின்பகுப்பில் எடுக்க ஒரு கிலோவுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஆக்சைடுக்கு அந்தச் செலவு கிடையாது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் ஆலை 1930-களின் இறுதியிலிருந்து 2005 வரை சுண்டாத கடல்நீரைக் கொண்டே மக்னீசியா எடுத்தது. அங்கே மலைபோல் நீரை இறைக்க வேண்டியிருந்தது, இங்கே அந்த வேலையில் பாதியை வெயில் இலவசமாக முடித்துவைத்திருக்கிறது.

எனக்கே கவலை தருவது தண்ணீர்தான். சுண்ணாம்பு சேர்த்ததும் படியும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கூழாக இருக்கும், எளிதில் வடியாது. உப்பு போக நல்ல தண்ணீரில் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீரிலிருந்து ஒரு சொட்டும் இதற்குப் போகக் கூடாது. ஆலை தன் நீரைத் தானே கடலிலிருந்து நன்னீராக்கிக்கொள்ள வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கட்டுப்படியானால்தான் தொடங்க வேண்டும். போரான் இன்னொரு தொல்லை. படிவோடு ஒட்டிச் சிறிதளவு தங்கினாலும் செங்கல் உயர்வெப்பத்தில் வலுவிழக்கும். சுண்ணாம்பைச் சற்று மிகையாகச் சேர்த்தால் ஒட்டுவது குறையும் என்பது பழைய ஆலைகள் கற்ற பாடம். அந்தச் சுண்ணாம்புக்கும் ஒரு வரலாறு உண்டு: ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை வெட்டித்தான் இந்தக் கரையில் சுட்டார்கள். இனி அந்தப் பேச்சே கூடாது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிறது.

கழிவைக் கடலில் விடுவதையும் ஏற்க முடியாது. எதிரே 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. படியவைத்த பின் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. அதில் ஒரு பகுதியைப் புதிய கசப்பு நீரில் கலந்தால் அதிலுள்ள சல்பேட் ஜிப்சமாகப் பிரிந்துவிடும், சிமென்ட் ஆலைக்கு ஆகும். எஞ்சியதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு எழுத்தில் பதில் இல்லாத திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது. இந்த வேதியியலில் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அதன் கிளை மண்டபத்திலேயே இருக்கிறது, ஆனால் கடற்பாசிக்காக. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. இந்த இருவரையும் உப்பு நிறுவனத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சிறு சோதனை ஆலை ஒன்றைக் கேட்பது பேராசை ஆகாது.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதற்காகத்தான் அரசு தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கோடையில் கசப்பு நீரைத் தொட்டிகளில் சேர்த்துவைத்தால் ஆலை அந்த மாதங்களிலும் ஓடும். வடிகட்டியிலும் சோதனைக்கூடத்திலும் முதல் உரிமை பாத்தியில் நின்று உப்பு வாரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்பதை ஆலைக்கான ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.