ஊருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து மூன்று நாளாகத் தண்ணீர் வீணாகிறது என்ற செய்தி நான்காம் நாள் காலையில் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வெளியாகும்போது, அதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டுதான் டீக்கடைக்கு வந்திருப்பார்கள். ஸ்தலச் செய்தியின் விசித்திரமான நிலைமை இதுவே. டெல்லியிலோ லண்டனிலோ நடந்த ஒரு சம்பவத்தை நமக்குத் தெரிவிக்கும் பத்திரிகை, நாம் பாராததைப் பார்த்துச் சொல்லுகிறது என்ற ஒரே காரணத்தினால் நம் நன்றிக்குப் பாத்திரமாகிவிடுகிறது. உள்ளூர் நிருபருக்கோ அந்தச் சலுகை கிடையாது. அவர் எழுதும் சம்பவத்துக்கு ஊரே சாட்சி. இறந்தவரின் வயதில் ஐந்தைக் கூட்டிப் போட்டாலும், கிழக்கே இருந்த கிணற்றை மேற்கே கொண்டுபோய் வைத்தாலும், திருத்தம் வேண்டுமென்று ஆசிரியருக்குக் கடிதம் எழுத ஊரார் மெனக்கெடுவதில்லை. மறுநாள் பஸ் நிலையத்தில் அவரையே நிறுத்திக் கேட்டுவிடுவார்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்வதென்பது உள்ளூர்ப் பத்திரிகைத் தொழிலின் முதற் கடமையே தவிர, அதன் சிறப்பாகாது என்பது என் அபிப்பிராயம். முந்திக்கொண்டு சொல்வதும் இனிமேல் சிறப்பாகாது. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தப் பந்தயத்தில் பத்திரிகை என்றோ தோற்றுவிட்டது. ஊர் அறிந்த ஒரு விஷயத்தில் ஊர் அறியாத பகுதி எது என்று கண்டுபிடித்து, அதைத் தஸ்தாவேஜிலிருந்து தேடி எடுத்து, நாலு பேருக்குப் புரியும் தமிழில் முன்வைப்பதில்தான் நிருபரின் திறமை இருக்கிறது. குழாய் உடைந்தது ஊருக்குத் தெரியும். அதைப் பதித்த ஒப்பந்தக்காரர் யார், எத்தனை ரூபாய்க்கு எடுத்தார், வேலை சரியாக முடிந்ததென்று அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்ட உத்தியோகஸ்தர் யார் என்பவை ஊருக்குத் தெரியாது.

இதற்குக் கடல் கடந்த உதாரணம் ஒன்று என் மனத்தில் நீண்ட நாளாக நிற்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பெருநகரத்தை ஒட்டி, பெல் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2010-ல் அதன் ஜனத்தொகை சுமார் 35,500. பெரும்பாலோர் மெக்சிகோ முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிக் குடும்பத்தினர். தங்கள் ஊரில் சொத்து வரி மிக அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். ரசீது கையில் இருக்கிறதே. ஏன் அதிகம் என்பதுதான் தெரியாது. 2010-ஆம் ஆண்டில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நிருபர்களான ஜெஃப் காட்லீபும் ரூபன் விவெஸும், பக்கத்து ஊராகிய மேவுட் தன் ஊழியர் அனைவரையும் நீக்கிவிட்டு நிர்வாகத்தை பெல் நகரசபையிடம் ஒப்படைக்கப் போகிறது என்ற விவகாரத்தைத் தொடர்ந்து கொண்டிருந்தார்கள். அப்போது, பெல் நகரசபை உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றி அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிப்பதாக ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழுந்தது. பொது ஆவணங்களைப் பார்வையிடும் சட்ட உரிமையைக் காட்டிச் சம்பளப் பத்திரங்களைக் கேட்டார்கள். நகரசபை இழுத்தடித்தது. கடைசியில் ஊர்ப் பூங்காவின் கூட்ட அறை ஒன்றில், வக்கீல்களும் உறுப்பினர்களும் சூழ்ந்திருக்க, காகிதங்கள் கைமாறின.

அக்காகிதங்களில் கண்டது இது: நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் வருஷச் சம்பளம் 7,87,637 டாலர். 1993-ல் அவர் உத்தியோகத்தில் அமர்ந்தபோது வாங்கியது 72,000. அமெரிக்க ஜனாதிபதிக்கே 4,00,000 டாலர்தான் சம்பளம். அச்சிற்றூரின் போலீஸ் தலைவருக்கு 4,57,000. பகுதி நேர வேலையாகிய உறுப்பினர் பதவியை வகித்த ஐவரில் நால்வர் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வாங்கினார்கள். சில நிமிஷங்களே கூடிக் கலைந்த துணைக் குழுக்கள் பலவற்றின் பெயரால் அந்தத் தொகை பெருகியிருந்தது. ஐந்தாமவர் வாங்கியது வருஷத்துக்கு 8,000 டாலர் அளவுதான். சகாக்கள் வாங்குவது தமக்கே தெரியாது என்று அவர் சொன்னார். ஊருக்குத் தெரியாதது அதே மேஜையைச் சுற்றி அமர்ந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை! உறுப்பினர் சம்பளத்துக்கு மாகாணச் சட்டம் விதித்திருந்த வரம்பிலிருந்து தப்புவதற்கு வழி செய்த 2005-ஆம் ஆண்டு விசேஷத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை.

அந்த ஜூலை மாதத்தில் செய்தி வெளியாயிற்று. சுமார் ஒரு வாரத்தில் நிர்வாகி ராஜினாமாச் செய்தார். 2011-ல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு அப்பத்திரிகைக்குக் கிடைத்தது. 8,000 டாலர் வாங்கியவர் நீங்கலாக, முன்னாள் உறுப்பினர் ஐவர் 2013-ல் குற்றவாளிகளென்று தீர்மானிக்கப்பட்டார்கள்; ரிஸ்ஸோவுக்கு 2014-ல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை.

இதைப் பத்திரிகை உலகத்தின் வெற்றியென்று எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் கொண்டாடத் தயார். ஆயினும் ஒரு கணக்கு உறுத்துகிறது. 72,000 என்ற எண் எட்டு லட்சத்தை நெருங்க ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அத்தனை காலமும் நகரசபைக் கூட்டங்கள் சட்டப்படி பொதுஜனத்துக்குத் திறந்தே இருந்தன. ஆனால் அங்கே தவறாமல் போய் உட்காருவதைத் தன் வேலையாகக் கொண்ட நிருபர் ஒருவர் இல்லை. பரிசு வாங்கிய பத்திரிகை அதே நகரப் பிரதேசத்தில்தான் இருந்தது. மாதம் ஒரு முறை ஒருவரை அனுப்பி அந்த நாற்காலியை நிரப்பியிருந்தால், பரிசுக்குரிய மகத்தான செய்தி ஒருவேளை அகப்பட்டிராது. சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டிய வருஷத்திலேயே நாலு வரிச் செய்தியாக வந்து முடிந்திருக்கும். அந்த நாலு வரியை நான் பரிசுச் செய்தியைவிட உயர்ந்ததாக மதிப்பேன்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். உள்ளூர்ச் செய்தியை அற்பமென்று இகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1942-ல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’ எளிய தமிழில் ஊர்ச் சம்பவங்களை எழுதி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கிற்று. அந்த வாசகரின் பேரர்களுக்கு இன்று வசதிகள் அதிகம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் குடிமக்கள் எவரும் கேள்வி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தமிழ்நாட்டில் கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். மந்திரியோ கலெக்டரோ வருகிற கிராமசபைக்குக் காமிராக்கள் போகின்றன. மற்ற ஊர்களில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப் போன நிருபரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

போகாத நிருபரைக் கடிந்து பயனில்லை. பகுதி நேரச் செய்தியாளர் என்ற பெயரில், சொற்பத் தொகைக்கு இரண்டு ஒன்றியங்களைச் சுற்றும் அந்த மனிதர்தான் தீபாவளி மலருக்கு விளம்பரமும் சேகரித்தாக வேண்டும். அந்த விளம்பரத்தைக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் குழாய் பதித்த அதே ஒப்பந்தக்காரராகத்தான் இருப்பார். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பத்திரிகை தர்மத்தை அவரிடம் மட்டும் எதிர்பார்க்கும் முதலாளியை என்னவென்று சொல்வது? போலீஸ் நிலையம் தரும் குறிப்பை அப்படியே இறக்கி, ‘விசாரித்து வருகின்றனர்’ என்று நிருபர் முடித்துவிடுகிறார். அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை போய்க் கேட்க அவருக்குப் பஸ் சார்ஜு கொடுப்பார் யார்? அப்படி இரண்டாம் முறை போவதுதான் நல்ல நிருபரின் அடையாளம் என்பதை அவரும் அறிவார்.

ஆபத்தும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில், ஓர் ஆரம்பப் பள்ளியின் மதிய உணவில் குழந்தைகள் ரொட்டிக்கு உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவதை உள்ளூர் நிருபர் பவன் ஜைஸ்வால் வீடியோவில் படம் பிடித்து வெளியிட்டார். அவர்மீதே சதி வழக்குப் பதிவாயிற்று. அச்சுப் பத்திரிகைக்காரர் புகைப்படம் எடுத்திருக்கலாமே, வீடியோ ஏன் எடுத்தார் என்று மாவட்ட அதிகாரி கேட்டது, நம் நிர்வாக இலக்கியத்தில் இடம்பெறத் தக்கது. இந்தியப் பத்திரிகை மன்றம் விஷயத்தைக் கையில் எடுத்தது. சில மாதங்களில் போலீசாரே அவர்மீது குற்றமில்லை என்று விட்டார்கள். குழந்தைகளின் தட்டில் இருந்தது ஊருக்கு முன்பே தெரியாததா? தெரிந்தும் காகிதத்தில் ஏறாததை அவர் ஏற்றினார்.

அடுத்த கிராமசபை உங்கள் ஊரிலும் கூடும். உங்கள் பகுதிச் செய்தியாளரைத் தெரிந்தவர்கள் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். வரவு செலவுக் கணக்கை அவர் கேட்டு வாங்கிப் படித்து முடிக்கும் வரையில் பக்கத்திலேயே இருங்கள்.