ஓட்டத்தை மண்ணுக்கு இறக்குங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

திருச்சி புத்தூரிலிருந்து எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்லிலும் மண்ணிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் தேசிய சாம்பியன்ஷிப்பை ஏதாவது ஒரு ஜனவரியில் திருச்சிக்குக் கேட்டு வாங்குங்கள். அது ஒழுங்காக நடந்தால் அடுத்து ஆசியப் போட்டியைக் கேட்கலாம். ஸ்டேடியம் கேட்டு வரும் மனுக்களின் கட்டில் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம். இதற்கு ஸ்டேடியமே வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

2026 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் டலஹாசியில் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடந்தது. 1992-இல் பாஸ்டனில் நடந்ததற்குப் பிறகு அமெரிக்காவுக்கு அது வந்தது இப்போதுதான். பெரிய நகரங்கள் எத்தனையோ இருக்க, டலஹாசிக்குக் கிடைத்ததற்குக் காரணம் அங்கே இருக்கும் அப்பலாச்சி பூங்கா. உள்ளூர் நிர்வாகம் தன் குப்பைக் கிடங்கை ஒட்டிய நிலத்தில் ஓட்டத்துக்கென்றே நிரந்தரமாக ஒரு பாதை அமைத்து, ஆண்டுக்கணக்கில் பள்ளி, கல்லூரிப் போட்டிகளை அங்கே நடத்தி வந்தது. உலகப் போட்டி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. நமக்கோ முதலில் பெரிய போட்டி வரவேண்டும், பிறகுதான் பிள்ளைகள் ஓட இடம் என்ற வழக்கம்.

குப்பைக் கிடங்கு என்றதும் திருச்சிக்காரர்களுக்கு அரியமங்கலம் ஞாபகம் வரும். சுமார் 47 ஏக்கர். மலையாகக் குவிந்த பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றும் வேலை அங்கே நடந்தது. நிலம் மீண்டால் என்ன செய்வது என்ற பேச்சில் ஓட்டப் பாதையும் ஒரு யோசனையாக இருக்கட்டும். நாளைக்கே பிள்ளைகளை அங்கே ஓடவிடச் சொல்லவில்லை. மண்ணையும் அடியிலிருந்து வரும் வாயுவையும் சோதித்துப் பார்க்காமல் அங்கே யாரும் மூச்சு வாங்கக் கூடாது.

இந்தப் போட்டிக்கு என்னதான் வேண்டும்? 1,500 முதல் 2,000 மீட்டர் வரை ஒரு சுற்று. புல்லோ மண்ணோ, கொஞ்சம் ஏற்ற இறக்கம். பெரியவர்களுக்கு 10 கிலோமீட்டர், ஆணுக்கும் பெண்ணுக்கும் 2017 கம்பாலா போட்டியிலிருந்து ஒரே தூரம். இருபது வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 8, பெண்களுக்கு 6. மற்றதெல்லாம் ஊரின் கற்பனை. 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் புல் வளர்ந்த சரிவுக் கூரை மேலேயே ஏறி இறங்க வைத்தார்கள். 2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பாதை போனது. முன்னணியில் ஓடிய எத்தியோப்பியாவின் லெட்டசென்பெட் கிடே முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது விழுந்துவிட, கென்யாவின் பியட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் வென்றதும் அங்கேதான். காலரி, டிக்கெட் எதுவும் தேவையில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஓடுகிறவரின் மூச்சு கேட்கும்.

திருச்சிக்கு ஏன் என்று கேட்பீர்கள். இந்த வட்டாரத்தில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டை கோ. லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் பட்டது என்று வெண்கலத்தைப் பறித்துக்கொண்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதே புதுக்கோட்டையின் லோ. சூர்யா 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றவர். ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு பேர், ஒரே இரண்டு தூரங்களில். இதைத் தற்செயல் என்று விட்டுவிட ஆணையத்துக்கு மனம் வரக்கூடாது.

கிராஸ் கன்ட்ரியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் அணிக்கு ஆறு பேர். முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவர்களுக்கே பட்டம். ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கென்யா ஆண்கள் அணி 1986 முதல் 2003 வரை தொடர்ந்து பதினெட்டு முறை உலகப் பட்டம் வென்றது, ஒன்றாகப் பயிற்சி எடுத்த பத்துப் பதினைந்து பேரில் யார் வந்தாலும் ஜெயிக்கும் நிலை இருந்ததால். நம் அரசு பதக்கம் வாங்கி வருகிறவருக்கு மாலை போட்டு லட்சங்களைக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். ஆனால் அவரோடு சேர்ந்து ஓடி நான்காவதாக வருகிற பையனுக்கும் மதிப்பு வைக்கிற விளையாட்டு ஒன்றை வளர்த்தால், அடுத்த லட்சுமணனைத் தேடி அலைய வேண்டியிராது.

இப்போது புத்தூர் கதை. விடியற்காலை ஐந்து மணிக்கு நால்ரோட்டிலிருந்து வயலூர் ரோடு பக்கம் வந்து பாருங்கள். பையன்கள் சாரை சாரையாக ஓடுவார்கள். பெரும்பாலானவர்கள் தடகள வீரர்கள் அல்லர். போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மி செலக்‌ஷனுக்கும் தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அண்ணா ஸ்டேடியத்துக்குப் போய்வர வசதியில்லாதவனுக்குத் தார் ரோடுதான் மைதானம். எதிரே பால் வண்டி, பின்னால் டவுன் பஸ், இரண்டு பக்கமும் நாய். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று பாதியில் விட்டவர்களைக் கேட்டால் தெருவுக்கு ஒருவன் கிடைப்பான். உய்யக்கொண்டான் கரையைச் சீராக்கி, சாக்கடை கலப்பதை நிறுத்தி, புதரை வெட்டி மண் பாதை விட்டால் பாதிப் பேர் அங்கே இறங்கிவிடுவார்கள். சோழர் காலத்து வாய்க்கால். தண்ணீரோடு நிழலையும் கூடவே கொண்டுவருகிறது.

இதற்கெல்லாம் புதிதாகத் திட்டம் தீட்ட வேண்டியதில்லை. உங்கள் ஆணையமே மாவட்டந்தோறும் அறிஞர் அண்ணா நெடுந்தூர ஓட்டப் போட்டி நடத்துகிறது. 17 முதல் 25 வயது வரை ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. உலக ஜூனியர் பையன்கள் ஓடுவதும் இதே 8 கிலோமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். தூரம், பரிசு, சான்றிதழ், மாவட்ட விளையாட்டு அலுவலர் எல்லாம் தயாராக இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று: ஓட்டம் சாலையில் நடக்கிறது. போக்குவரத்தை நிறுத்தி, தாரில் ஓடவிட்டு, கொடியசைத்து முடித்துவிடுகிறோம். அதே பரிசுப் பணத்தில், அதே நாளில், அதை மண்ணுக்கு மாற்றலாம். போலீஸ்காரர்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

தேசியப் போட்டிக்கு எங்கே இடம் என்றால், என் ஓட்டு பல்கலைப்பேரூருக்கு. புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடக்கும் செம்மண் பொட்டலில் இரண்டு கிலோமீட்டர் சுற்று தாராளமாக அமையும். விமான நிலையம் பக்கத்தில். புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கும் வந்துபோகச் சுலபம். முக்கொம்பும் அழகுதான், ஆனால் ஆற்றுக்கு நடுவே கூட்டம் சேர்ப்பது ஆபத்து. கொள்ளிடத்து மணல் பயிற்சிக்கு நல்லது, பத்து கிலோமீட்டர் போட்டிக்கு ஆகாது. சம்பா அறுத்த வயலில் நடத்தலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். டெல்டாவில் அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. குடியானவர் வயிற்றில் அடித்து விளையாட்டு வளர்க்க வேண்டாம்.

மாதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொளுத்தும் வெயிலில் கிராஸ் கன்ட்ரி நடத்தினார்கள். 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள். பாவோ நூர்மி ஒன்றுமே நடக்காததுபோல் முதலில் வந்தார். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2007 மார்ச்சில் கென்யாவின் மொம்பாசாவில் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்து, அசைக்க முடியாதவர் என்று பெயரெடுத்திருந்த கெனெனிசா பெக்கெலேவையே பாதியில் விலக வைத்தன. திருச்சி மார்ச்சைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்து, சூரியூர் ஜல்லிக்கட்டும் குடியரசு தினமும் முடிந்த முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. அதற்குப் பிறகு எந்த நாளும் சரிப்படாது.

ஊக்கமருந்துச் சோதனைக்கான ஏற்பாட்டையும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். 2019-இல் தோகாவில் இந்த மாவட்டத்துப் பெண் ஒருவர் வாங்கிய ஆசியத் தங்கம் பின்னால் சோதனையில் சிக்கிப் பறிபோனது. அன்று ஊர் கூடிக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். பதினாறு வயதிலேயே எந்த ஊசி, எந்தப் பொடி ஆகாது என்று சொல்லித்தர ஆள் இருந்தால் பிள்ளைகள் பிழைப்பார்கள்.

செஸ் ஒலிம்பியாட் 2022-இல் மாமல்லபுரத்துக்கு வந்தது. ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை 2025-இல் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. கேலோ இந்தியாவின்போது 2024-இல் திருச்சிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. போட்டி நடத்தத் தெரியாத அரசு அல்ல நம்முடையது. நாகாலாந்தின் கோகிமா 2022-இல் தேசிய கிராஸ் கன்ட்ரியை நடத்திக் காட்டியது. நம்மால் ஏன் முடியாது? திருச்சி மாவட்டம் எலந்தப்பட்டியில் வரப்போகிற ஒலிம்பிக் அகாடமியின் வரைபடத்திலும் நீச்சல் குளத்துக்கும் சிந்தெடிக் டிராக்குக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் மண் பாதைக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். செலவில் அதுதான் மிகச் சிறியது.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். எனவே முதலில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அடுத்த அண்ணா நெடுந்தூர ஓட்ட அறிவிப்பில், திருச்சி மாவட்டத்துக்கு எதிரே சாலையின் பெயரை அடித்துவிட்டு ஒரு மண் தரையின் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
புத்தூர்வாசி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி