நாய் முடியை உறிஞ்சும் எந்திரம்: பாட்டரியைப் பார்த்து வாங்குங்கள்!

வீட்டில் நாய் இருக்கிறதா? பூனை இருக்கிறதா? அப்படியானால் முடியும் இருக்கும். பாயில் முடி. சோபாவில் முடி. குழந்தையின் சட்டையில் முடி!

துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறக்கிறது. அதனால்தான் தூசியை உறிஞ்சும் "வாக்குவம் கிளீனர்" வாங்கப் பலர் கடைக்குப் போகிறார்கள். அதிலும் ஒயர் இல்லாத எந்திரத்துக்கு இப்போது நல்ல கிராக்கி. அது பாட்டரியில் ஓடும். கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி, கட்டிலுக்கு அடியில் என்று எங்கும் போகலாம்.

"எது நல்ல எந்திரம்?" என்று கேட்டால், கடைக்காரர் உறிஞ்சும் சக்தியைச் சொல்வார். விலையைச் சொல்வார். ஆனால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. "பாட்டரி தீர்ந்து போனால் வேறு பாட்டரி போட முடியுமா?" என்பதே அது.

ஐரோப்பாவில் புதிய சட்டம்

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு சட்டமே வந்துவிட்டது. 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய யூனியன் 2023-ம் ஆண்டு அதை நிறைவேற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது? சாதனத்தில் உள்ள சிறிய பாட்டரியை, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டுகளுக்கு மாற்றுப் பாட்டரி கிடைக்கவேண்டும். விலையும் நியாயமாக இருக்கவேண்டும். 2027-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதியை இந்த விதிக்குத் தொடக்க நாளாகச் சட்டம் குறித்திருக்கிறது. சில சாதனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஏன் இந்தச் சட்டம்?

இந்த எந்திரங்களில் இருப்பது லித்தியம் பாட்டரி. சார்ஜ் ஏற்ற ஏற்ற அதன் பலம் சிறிது சிறிதாகக் குறையும். மோட்டார் நன்றாக இருக்கும். பிரஷ் நன்றாக இருக்கும். பாட்டரி மட்டும் போய்விடும். மாற்று கிடைக்காவிட்டால் முழு எந்திரமும் குப்பைக்குத்தான்! வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். குப்பை வண்டியில் நசுங்கினால் அந்தப் பாட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

முடி கொட்டும் வீட்டில்

நாய், பூனை உள்ள வீட்டுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். எப்படி?

கம்பளத்திலும் சோபாவிலும் முடி ஒட்டிக்கொள்ளும். அதை இழுக்க எந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டவேண்டும். விளம்பரத்தில் "40 நிமிடம், 60 நிமிடம்" என்று போடுவது பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கு உள்ள கணக்கு. முழு வேகத்தில் சில நிமிடங்களிலேயே பாட்டரி இறங்கிவிடும். முடியோ தினமும் கொட்டுகிறது. ஆகவே தினமும் சார்ஜ். பாட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

குழந்தைக்குத் தும்மலா?

தும்மலுக்குக் காரணம் முடி மட்டும் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள ஒரு வகைப் புரதமே முக்கியக் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும். வடிகட்டி மட்டமாக இருந்தால், முன்னால் உறிஞ்சிய தூள் பின்னால் வெளியே வந்துவிடும். "ஹெப்பா" என்ற நுண்ணிய வடிகட்டி உள்ளதை வாங்குவது நல்லது. தூசிப் பெட்டியை வீட்டுக்கு வெளியே கொட்டவேண்டும். தும்முகிற குழந்தையை அப்போது பக்கத்தில் விடக்கூடாது.

கடையில் கேளுங்கள்

பாட்டரியை நானே கழற்றலாமா? தனியாக வாங்கினால் என்ன விலை? முழு வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடும்? பிரஷில் சுற்றிய முடியை எளிதாக எடுக்க முடியுமா?

பதில் சரியாக இல்லையா? ஒயர் உள்ள எந்திரமே மேல். இழுத்துக்கொண்டு போவது சிரமம்தான். ஆனால், பாட்டரிச் செலவு இல்லை. பாதியில் நிற்பதும் இல்லை.

சட்டம் ஐரோப்பாவில்தான் செல்லும். கேள்வியை எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம். கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால், சட்டம் இல்லாத ஊரிலும் கம்பெனிகள் வழிக்கு வரும்!