தின்னத் தகுந்த பேய்

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அக்டோபர் 31-ந் தேதி இரவை ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். செத்தவர்களின் ஆவி உலவும் என்று முற்காலத்து அயர்லாந்து ஜனங்கள் நடுங்கிய இரவு அது. இன்றோ அந்த ஆவி பிள்ளைகளின் தின்பண்டமாகிவிட்டது!

வாழைப்பழத்தை உரித்துக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுவாய் கீழிருக்க நிறுத்தி, இரண்டு சாக்லெட் துணுக்குகளைக் கண்ணாகப் பதித்தால் பேய் தயார். உரித்த ஆரஞ்சின் உச்சியில் செலரிக் கீரைத் தண்டு ஒன்றைச் செருகினால் பூசணிக்காய். அடுப்பும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். கத்தி வேலையைப் பெரியவர் பார்த்துக்கொண்டால் மீதியை ஐந்து வயதுப் பிள்ளையே செய்துவிடும்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பிள்ளை சோறுண்ண மறுத்தால், "பூச்சாண்டி வருகிறான்" என்று மிரட்டியல்லவா ஊட்டுகிறோம்? அங்கே பிள்ளை பேயைத் தின்கிறது. இங்கே பேய் பிள்ளையைத் தின்கிறது! இருட்டில் கொல்லைப்புறம் போக அஞ்சும் வாலிபனுக்கு அவ்வச்சத்தைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியது யார்?

தோழர்களே! ஹாலோவீனைக் கொண்டாடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் மூடநம்பிக்கையில் பிறந்ததுதான். பேயை உண்டாக்குகிறவன் மனிதனே என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறியட்டும் என்றுதான் சொல்லுகிறோம். தான் கண் வைத்த பேய்க்கு எந்தப் பிள்ளை பயப்படும்?