மஞ்சள் கொடி எப்போது இறங்க ஆரம்பித்தது?

சேலம் ஐந்து ரோடு. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொலுசுப் பட்டறைக்கு லீவு. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு அரசியலில் ஆரம்பிக்கும். மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி என்று போகும். கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

"ஏனுங்கண்ணா, நம்ம சென்னை டீம் எப்போ விழ ஆரம்பிச்சுது?"

அவ்வளவுதான். டீ ஆறிப் போகும்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளிலும் இதே வழக்குதான். திருச்செங்கோட்டுப் போர் வண்டிக்காரர்கள் இதை வடக்கே மகாராஷ்டிரம் வரைக்கும் கொண்டு போய்ப் பேசுகிறார்கள். சேப்பாக்கம் மைதானம் சேலத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வாதம் செய்பவர்களில் பலர் அந்த மைதானத்தை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் வழக்கு அவர்கள் வீட்டு வழக்கு போல நடக்கிறது.

விழுந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2025-ம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டம் ஆடியது. 4-ல் மட்டுமே ஜெயித்தது. பத்து அணிகளில் பத்தாவது இடம். அந்த அணி கடைசியில் நின்றது அதுவே முதல் தடவை. அதைவிட வலித்தது சேப்பாக்கத்தில் நடந்தது. மார்ச்சு 28-ல் பெங்களூர் அணி அங்கே வந்து 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு அந்த மண்ணில் பெங்களூருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்து டெல்லி வந்தது; ஜெயித்தது. கல்கத்தா வந்தது, சென்னை 20 ஓவரில் 103 ரன்னுக்கு மேல் எடுக்கவில்லை. ஹைதராபாத் வந்தது, சேப்பாக்கத்தில் சென்னையை அதற்கு முன்பு ஒரு தடவைகூட அது தோற்கடித்ததில்லை, அன்று தோற்கடித்தது. பிறகு பஞ்சாப். சொந்த வீட்டில் அடுத்தடுத்து ஐந்து தோல்வி!

ஒரு காலத்தில் எதிரணிகள் சேப்பாக்கத்துக்கு வரும்போதே பாதி தோற்றுத்தான் வந்தன. 2011-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். முரளி விஜய் 95 ரன். அந்த ஆண்டு பந்து வீச்சாளர்களை ஓட ஓட விரட்டிக் கொண்டிருந்த கிறிஸ் கெயிலை முதல் ஓவரிலேயே அஸ்வின் பூஜ்யத்துக்கு அனுப்பினார். பத்ரிநாத்தும் அந்த அணியில் இருந்தார். எதிரே அதே பெங்களூர்தான். 58 ரன்னில் தோற்றது.

கணக்கை மொத்தமாகச் சொன்னால் இன்னும் பிரமிப்பாக இருக்கும். 2025 வரை சென்னை ஆடிய பருவங்கள் 16. அவற்றில் 12-ல் முதல் நான்கு அணிகளுக்குள் வந்தது. பத்துத் தடவை இறுதி ஆட்டம். ஐந்து கோப்பை: 2010, 2011, 2018, 2021, 2023.

மூன்று கட்சிகள்

பெஞ்சில் இருப்பவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள்.

வயதானவர்கள் கட்சி ஒன்று. "2013-லேயே பெயர் கெட்டுப் போச்சு தம்பி" என்பார்கள். அந்த ஆண்டு எழுந்த சூதாட்டப் புகாரில் அணி உரிமையாளரின் மருமகன் பெயர் அடிபட்டது. 2015 ஜூலையில் லோதா குழு அணிக்கு இரண்டு ஆண்டு தடை போட்டது. 2016-லும் 2017-லும் சென்னை இல்லாமலே ஐ.பி.எல். நடந்தது. அதற்கு முந்தியதுதான் பொற்காலம். பிறகு வந்தது எல்லாம் ஒட்டுப்போட்ட வேட்டி என்பது இவர்கள் முடிவு.

நடுத்தர வயதுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. தடை முடிந்து திரும்பிய முதல் வருஷமே கோப்பையை எடுத்த அணியை ஒட்டு வேட்டி என்று சொல்லலாமா? 2018 இறுதி ஆட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் 117 ரன்னுடன் ஆட்டம் இழக்காமல் நின்றார். இவர்கள் சரிவுக்குக் குறிக்கும் தேதி 2024 மார்ச்சு 21. அன்றுதான் தோனி காப்டன் பதவியை ருதுராஜ் கெய்க்வாட்டிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு சென்னை ஐந்தாவது இடம்.

மூன்றாவது கட்சி இளவட்டங்கள். இவர்கள் சொல்வதைக் கேட்டால் முதல் இரண்டு கட்சிக்கும் ரத்தம் கொதிக்கும். "தோனி போனதால விழலைங்க. போகாததால விழுந்துச்சு!" 2025-ல் பெங்களூரிடம் தோற்ற அன்று தோனி ஒன்பதாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தார். 16 பந்தில் 30 ரன் அடித்தார். அதற்குள் ஆட்டம் முடிந்து போயிருந்தது. முழங்கால் வலியுடன் பத்து ஓவர் அவரால் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் பிளெமிங் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஓட முடியாதவருக்கு எதற்கு இடம் என்கிறது இளவட்டம். அவரைப் பார்க்கத்தானே ஜனம் டிக்கெட் வாங்குகிறது என்கிறது மற்றவர்கள் தரப்பு. இரண்டு பேரும் சொல்வது உண்மை. அணியின் சங்கடமும் அதுதான்.

கோப்பைக்குப் பின்னால் ஒளிந்தது

மூன்று கட்சிகளும் ஒரு சங்கதியைத் தாண்டிப் போகின்றன. 2020-ம் ஆண்டில் சென்னை ஏழாவது இடம். முதல் நான்கு இடத்துக்குள் வராமல் போனது அதுவே முதல் தடவை. 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாவது இடம். 2023-ல் மறுபடி கோப்பை. ஏழு, ஒன்று, ஒன்பது, ஒன்று, ஐந்து, பத்து. சரிவு 2024-ல் ஆரம்பிக்கவில்லை. 2020-லேயே ஆரம்பித்து விட்டது. நடுவில் வந்த இரண்டு கோப்பைகள் அதை மூடி மறைத்தன.

ஏன் விழுந்தது? வாழ வைத்த குணமேதான் விழவும் வைத்தது.

பழைய ஆளை விடாமல் இருப்பது சென்னையின் குணம். இரண்டு ஆட்டம் சொதப்பினால் ஆளை மாற்றும் அணிகளுக்கு நடுவே, ஐந்து ஆட்டம் சொதப்பினாலும் பொறுத்திருக்கும் அணி இது. 2018-ல் முப்பது வயதைத் தாண்டியவர்களாகப் பொறுக்கிச் சேர்த்தபோது ஊரே சிரித்தது. 'அப்பாக்கள் படை' என்று பெயர் வைத்தது. அந்தப் படைதான் ஜெயித்தது. வாட்சனை வேறு எந்த அணி அந்தப் பத்துப் பந்து வரைக்கும் நம்பியிருக்கும்?

ஆனால் ஆட்டம் மாறி விட்டது. 2023-ல் இடையில் ஒரு ஆளை மாற்றி இறக்கலாம் என்ற புது விதி வந்தது. ஒரு மட்டையாளர் கூடுதலாகக் கிடைத்ததும் எல்லா அணிகளும் முதல் பந்திலிருந்தே விளாச ஆரம்பித்தன. 2024-ல் ஹைதராபாத் ஒரே இன்னிங்சில் 287 ரன் குவித்தது. அந்தச் சமயத்திலும் சென்னை அனுபவத்தையே நம்பியது. 2024 நவம்பர் ஏலத்தில் அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியது. பழைய பிள்ளை வீடு திரும்பியதில் ரசிகர்களுக்கு ஆனந்தம்தான். மறு ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்று விட்டார். 2025-ல் உருப்படியாகக் கிடைத்தது எல்லாம் சின்னப் பையன்கள் தயவு. நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே பருவத்தின் நடுவில் வந்து மட்டையைச் சுழற்றினார்.

ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவு

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930-களில் ஆரம்பித்த ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழு நீளக் கலர்ப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் இங்கே வேலை பார்த்தவர்கள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். எல்லாம் ஒரு மனிதரின் கண் பார்வையில் நடந்தது. 1963-ல் அவர் காலமானார். மகன் ராமசுந்தரம் காலத்தில் ஜெய்சங்கர் படங்கள் ஓடத்தான் ஓடின. ஆனால் அந்தப் பழைய மிடுக்கு திரும்பவில்லை. இன்று வளைவு மட்டும் மிச்சம்.

சீமையிலும் இதே கதை உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகம் பெர்குசன் என்ற ஒரே நிர்வாகியின் கீழ் 13 தடவை லீக் பட்டம் வென்றது. 2013-ல் அவர் ஓய்வு பெற்றார். 2025 வரை ஒரு தடவைகூட அந்தப் பட்டம் திரும்பி வரவில்லை. 2025-ல் முடிந்த பருவத்தில் 15-வது இடம்.

சென்னை அணியின் நிலைமை இவை இரண்டையும்விட விசித்திரம். சுந்தரமும் பெர்குசனும் போன பிறகுதான் இடம் காலியானது. இங்கே ஆள் போகவும் இல்லை; இடம் காலியாகவும் இல்லை. 2022-ல் ஜடேஜாவைக் காப்டன் ஆக்கினார்கள். பருவத்தின் நடுவிலேயே பதவி தோனியிடம் திரும்பியது. 2025-ல் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிந்தது; மறுபடி தோனி. கதவு இரண்டு தடவை திறந்தது, இரண்டு தடவையும் உள்ளே வந்தவர் அவரேதான்.

"நம்ம" என்றால் யார்?

ஜெயிக்கும்போது எழாத ஒரு கேள்வி, தோற்கும்போது எழுகிறது. இந்த அணி எப்படி நம்ம அணி?

2023 ஏப்ரலில் தர்மபுரி தொகுதி பா.ம.க. உறுப்பினர் சட்டசபையில் எழுந்து, தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாத இந்த அணியைத் தடை செய்ய வேண்டும் என்றார். பலர் சிரித்தார்கள். அடுத்த மாதம் ஆமதாபாத்தில் இறுதி ஆட்டம். ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அன்று ஆடியவர்களில் ஒரு தமிழ்நாட்டு ஆள்கூட இல்லை. வெடி வெடித்த ராத்திரியில் யார் ஊர் பெயர் கேட்டார்கள்?

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக் கொண்டே இருக்கிறது. அதன் பெயர் நடராஜன். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய பையன். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு அவரை வாங்கியபோது தடையால் சென்னை அந்த ஏலத்தில் இல்லை. அது விதி. 2018 ஏலத்தில் சென்னை இருந்தது. ஹைதராபாத் வெறும் 40 லட்சத்துக்கு நடராஜனைக் கொண்டு போனது. 2020-ல் தோனியின் விக்கெட்டையே எடுத்தார். அன்று சின்னப்பம்பட்டிப் பக்கம் கை தட்டுவதா, தலையில் கை வைப்பதா என்று தெரியாமல் தவித்தவர்கள் உண்டு. அதே ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியா போனார். ஒரே பயணத்தில் ஒரு நாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2024 ஏலத்தில் டெல்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. மஞ்சள் சட்டை மட்டும் கிடைக்கவில்லை.

ஏலத்தில் ஊர்ப் பாசம் பார்க்க முடியாது என்பது நிர்வாகிகள் எப்போதும் சொல்லும் பதில். நியாயம்தான். ஆனால் பாசத்தை எதிர்பார்ப்பவர்கள் டிக்கெட் வாங்கும் ஜனங்கள் மட்டும்தானா? 2018 ஏப்ரலில் காவிரிக்காகத் தமிழ்நாடு கொந்தளித்தது. தண்ணீர் இல்லாத நேரத்தில் விசில் எதற்கு என்று கேட்டார்கள். சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மிச்சம் ஆறு ஆட்டங்கள் புனாவுக்குப் போயின. மேட்டூர் அணையை வைத்திருக்கும் மாவட்டத்தில் அன்று இந்த விவாதம் எவ்வளவு சூடாக நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் நிறைய ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு புனா போனார்கள். ஜனங்கள் தங்கள் பங்கைச் செய்து விட்டார்கள்.

2025 நவம்பரில் அணி ஒரு காரியம் செய்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக் கொண்டது. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொட்டியது. இந்தியாவுக்காக இன்னும் ஆடாத ஆட்டக்காரருக்கு ஐ.பி.எல். ஏலத்தில் அவ்வளவு பணம் அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. அனுபவத்தை நம்பிய அணி முதல் தடவையாக இளமையின் பக்கம் சாய்ந்தது.

ஐந்து ரோட்டு இளவட்டத்துக்கு இதில் பரம திருப்தி. நடுத்தர வயதுக் கட்சிக்கு ஆறவில்லை. ஆமதாபாத் ராத்திரியின் கடைசி இரண்டு பந்தை அடித்த மனிதரை எப்படி அனுப்பலாம் என்கிறது.

"சரி, வாங்கின ரெண்டு பசங்களும் எந்த ஊருங்க?" என்று பெரியவர் கேட்கிறார்.

"ஒருத்தர் உத்தரப் பிரதேசம். இன்னொருத்தர் ராஜஸ்தான்."

பெரியவர் டம்ளரை நீட்டி இன்னொரு டீ சொல்கிறார்.