உல்லாசப் படகில் உறங்க இடமில்லாதவர்கள்

ஒரு வீட்டின் செல்வத்தை அதன் முன்விறாந்தையைப் பார்த்து அறியலாம். அந்த வீட்டில் நீதி இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், அங்கு வேலை செய்பவர் இரவில் எங்கே படுக்கிறார் என்று பார்க்க வேண்டும். கடலில் மிதக்கும் வீடுகளுக்கும் இதே அளவுகோல்தான். உலகின் பெரும் பணக்காரர்கள் வைத்திருக்கும் 'யொட்' எனப்படும் தனியார் உல்லாசப் படகுகளைப் பற்றியும், அவற்றில் வேலை செய்வோர் படுத்துறங்கும் இடத்தைப் பற்றியும் இங்கு சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இது நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நெருக்கமான இடத்தில் வாழ்வது என்றால் என்ன என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர்கள் குறைவு. தறப்பாளால் மறைத்த ஒரு மூலையில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நீங்கள். உடை மாற்றவும், நோயாளியைக் கிடத்தவும், மனம் விட்டு அழவும் இடமில்லாமல் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் நீங்கள். ஆகவே இந்த விடயத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி உங்களுக்கு உண்டு. அத்துடன், 'கப்பல் வேலை' என்று சொல்லிக்கொண்டு முகவர்கள் கிராமங்களுக்கு வரும்போது, அவர்கள் தேடுவது உங்கள் பிள்ளைகளையே.

படகின் உள்ளே

பிரான்சின் ஆன்ரீப், ஸ்பெயினின் பல்மா, மொனாக்கோ முதலிய துறைமுகங்களில் கோடைகாலத்தில் இப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். குளிர்காலம் வந்ததும் பல படகுகள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரிபியன் தீவுகளுக்குப் போய்விடும். 2013இல் ஜேர்மனியின் லூர்சன் கட்டுதளம் கட்டி முடித்த 'அஸ்ஸாம்' என்ற படகின் நீளம் 180 மீற்றர். ஆனால் இத்தகைய இராட்சதப் படகுகள் சிலவே. பெரும்பாலானவை 30 முதல் 50 மீற்றர் வரை நீளமானவை. நெருக்கம் கூடுதலாக இருப்பதும் இந்த நடுத்தரப் படகுகளில்தான்.

ஏறத்தாழ 40 மீற்றர் நீளமான ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் 10 அல்லது 12 விருந்தினர் தங்கலாம். 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிகளின்படி அது பயணிகள் கப்பலாகிவிடும், கட்டுப்பாடுகள் பன்மடங்காகும். ஆகவே 12 உடன் நிறுத்திக்கொள்வார்கள். இவர்களுக்குப் பணிசெய்ய தலைவர், பொறியியலாளர், சமையற்காரர், தள வேலையாட்கள், அறைப் பணிப்பெண்கள் என ஏழு அல்லது எட்டுப் பேர் இருப்பர். விருந்தினருக்கு அகலமான கட்டில், தனிக் குளியலறை, பெரிய யன்னல், வரவேற்பு மண்டபம், வெயில் காயும் தளம் எல்லாம் உண்டு. பணியாளருக்குக் கிடைப்பது படகின் முன்மூக்குப் பகுதியின் அடித்தளம். அங்கே படகின் இரு பக்கங்களும் ஒடுங்கி ஒன்றுசேரும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள். இருவர் ஒரே நேரத்தில் நின்று உடை மாற்ற முடியாத அறை. நீர்மட்டத்துக்கு அருகில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி. நங்கூரச் சங்கிலி இறங்கும் இரைச்சலும், அலை முகப்பில் மோதும் அதிர்ச்சியும் முதலில் வந்து சேர்வது இந்த இடத்துக்குத்தான்.

விருந்தினர் இல்லாத நாட்களில்கூட அந்த அகன்ற அறைகளில் பணியாளர் படுப்பதில்லை. அவை பூட்டித் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. விருந்தினர் இருக்கும் நாட்களில் விடியற்காலை தொடங்கும் வேலை நள்ளிரவைத் தாண்டும். ஒருவர் காவல் முடிந்து படுக்க வரும்போது மற்றவர் எழுந்து காவலுக்குப் போவார். ஒருவரின் விளக்கு மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்கும். மேலதிகாரியோடு மனத்தாங்கல் ஏற்பட்டாலும் இரவு அதே நடைவழியில்தான் படுக்க வேண்டும். வெளியே போக வாசல் கிடையாது. 2020இல் கொவிட் தொற்றுப் பரவியபோது, ஒருவருக்கு நோய் வந்தால் அவரைத் தனியே கிடத்த இடமில்லை என்ற உண்மை இத்தகைய படகுகளில் எல்லோருக்கும் விளங்கியது.

சட்டம் சொல்வது

கப்பலாளிக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது புதிய கேள்வியல்ல. பிரித்தானியாவின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் ஒரு கப்பலாளிக்கு 12 சதுர அடி தரை கொடுக்க வேண்டும் என்றது. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட ஒரு பாயை விரிக்க 18 சதுர அடி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1906இல் அது 15 சதுர அடியாக உயர்ந்தது. பின்னர் சர்வதேச தொழில் தாபனம் 1949இலும் 1970இலும் கப்பற் பணியாளர் தங்குமிடம் பற்றிய சமவாயங்களை நிறைவேற்றியது. இவையெல்லாம் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அது 2013 ஓகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சமவாயத்தின் அளவுகள் தெளிவானவை. 3000 தொன்னுக்குக் குறைந்த கப்பலில் தனி அறைக்கு 4.5 சதுர மீற்றரும், இருவர் அறைக்கு 7 சதுர மீற்றரும் வேண்டும். கூரை 203 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். படுக்கை 198 சென்ரிமீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். இரண்டு அடுக்குக்கு மேல் படுக்கை கூடாது. ஆளுக்கு 475 லீற்றர் கொள்ளளவுள்ள உடுப்பு அலுமாரி வேண்டும். ஆறு பேருக்கு ஒரு மலசலகூடமும் ஒரு குளிக்கும் இடமும் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு அறை வேண்டும். ஓய்வு நேரத்தைக் கணக்கிட்டால், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் கிடைக்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். இருவர் அறைக்கு 7 சதுர மீற்றர் என்றால் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். கட்டிலும் அலுமாரியும் பிடிக்கும் இடமும் இதற்குள் அடக்கம். இடம்பெயர்ந்த மக்களுக்கு நிவாரணம் வழங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் கைந்நூல், கூரையின் கீழ் ஆளுக்கு ஒதுக்க வேண்டிய குறைந்த இடம் என்று சொல்வதும் இதே 3.5 சதுர மீற்றர்தான். ஏறக்குறைய இரண்டு பாய் விரிக்கும் இடம். எல்லாவற்றையும் இழந்து வந்தவனுக்கு அவசர காலத்தில் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த அளவும், கோடீஸ்வரரின் படகில் உழைப்பவனுக்குச் சட்டம் கேட்கும் அளவும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த அளவையும் பல படகுகள் கொடுப்பதில்லை என்பதே வேதனை.

தப்பிக்கும் வழிகள்

ஏன் கொடுப்பதில்லை? முதலாவது காரணம், இச்சமவாயம் வழமையாக வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களையே கட்டுப்படுத்துகிறது. பணத்துக்கு வாடகைக்கு விடப்படும் உல்லாசப் படகு இதற்குள் வரும். உரிமையாளர் தமது குடும்பத்துடனும் நண்பர்களுடனும் மட்டும் பயன்படுத்தும் தனியார் படகு வராது. இரண்டும் ஒரே துறைமுகத்தில் அருகருகே நிற்கலாம்; இரண்டிலும் வேலை ஒன்றுதான்; களைப்பும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் உழைப்பவனுக்கு உள்ள சர்வதேசப் பாதுகாப்பு மற்றதில் உழைப்பவனுக்கு இல்லை. அங்கு படகு பதிவுசெய்யப்பட்ட நாடு என்ன சொல்கிறதோ அதுவே சட்டம்.

இரண்டாவது, வாடகைப் படகுகளுக்கும் சலுகை உண்டு. 2013இல் சமவாயம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அதன்படி அறைகள் அமைத்தால் சிறிய படகுகளைக் கட்டவே முடியாது என்று இத்தொழிலில் உள்ளோர் வாதிட்டனர். பிரித்தானியாவின் பெரிய உல்லாசப் படகு விதிக்கோவை, 'கணிசமான அளவு சமமானது' என்ற சொற்றொடரின் கீழ், சமவாயம் கேட்பதிலும் சிறிய அறைகளை ஏற்றுக்கொண்டது. மேலும், தங்குமிட அளவுகள் அதற்குப் பின் கட்டப்பட்ட கப்பல்களுக்கே பொருந்தும். அதற்கு முன் கட்டப்பட்டு இன்றும் ஓடும் படகுகள் பழைய அறைகளுடனேயே ஓடுகின்றன.

மூன்றாவது காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. கப்பலின் மொத்தத் தொன் என்பது நிறையல்ல. உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. 500 தொன்னை எட்டினால் விதிகள் கடுமையாகும். ஆகவே பல படகுகள் 499 தொன்னுடன் நிற்கும்படி திட்டமிடப்படுகின்றன. மொத்த இடத்துக்கு இப்படி எல்லை போட்டபின், உரிமையாளரின் மண்டபம் ஒரு சாண் பெருத்தால் வேறெங்கோ ஒரு சாண் சுருங்க வேண்டும். சுருங்குவது எவருடைய அறை என்று சொல்லத் தேவையில்லை.

சில மறுப்புகள்

இவர்கள் நல்ல சம்பளம் பெறுகிறார்கள், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம், விரும்பித்தானே போனார்கள் என்று சிலர் சொல்வர். சம்பளம் பல வேலைகளைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் சம்பளத்தைக் கொடுத்து உறக்கத்தை வாங்க முடியாது. உறங்காதவன் சுக்கானைப் பிடித்தால் ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல. மேல்தளத்தில் மெத்தையில் உறங்கும் உரிமையாளருக்கும்தான். விரும்பிப் போனார்கள் என்பதும் அரைகுறை உண்மையே. ஒப்பந்தத்தில் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். அறையின் நீள அகலம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது.

வேறு சிலர் நமது மீனவரைச் சுட்டிக்காட்டுவர். வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாட் கலங்களில் ஐந்தாறு பேர் ஒரு சிறு பொந்துக்குள் புரண்டு படுக்கிறார்களே, அதைவிடவா இது மோசம் என்று கேட்பர். இல்லை, அதைவிட மோசமல்ல. மீனவரின் நிலை திருந்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கலத்தில் இடமில்லாததற்குக் காரணம் பணமில்லாமை. அங்கே சம்மாட்டிக்கும் மாளிகை கிடையாது. உல்லாசப் படகிலோ இடமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இல்லாமையால் வரும் நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இருந்தும் கொடாமையால் வரும் நெருக்கம் அநீதியாகும்.

செய்யவேண்டியவை

சமவாயத்தின் வேலியைத் தனியார் படகுகளையும் உள்ளடக்கும்படி விரிக்க வேண்டும் என்பதே எனது கருத்து. சம்பளத்துக்கு ஒருவர் வேலை செய்யும் இடம் எதுவோ அது வேலைத்தலம். உரிமையாளர் அதிலிருந்து பணம் உழைக்கிறாரா, பொழுதைப் போக்குகிறாரா என்பது தொழிலாளியின் முதுகுக்குத் தெரியாது. சட்டத்தால் சுவர்களை விரிக்க முடியும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 12 சதுர அடியில் தொடங்கியது இன்று ஏறத்தாழ 38 சதுர அடிக்கு வந்திருக்கிறது. அது தானாக வரவில்லை; கப்பலாளிகளும் அவர்களது சங்கங்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கேட்டுப் பெற்றது.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது கடல் வேலைக்குப் போக எண்ணினால், காணியை ஈடுவைப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். கப்பலோ படகோ எந்த நாட்டில் பதிவுசெய்யப்பட்டது? வாடகைக்கு விடப்படுவதா, தனியார் பாவனைக்கா? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? அறையில் எத்தனை பேர்? ஓய்வு நேரம் பதிவுசெய்யப்படுகிறதா? இவற்றைக் கேட்டதும் முகவர் சினந்தால் அதுவே பதில். இன்னொன்றையும் மறக்கவேண்டாம். வேலை பெற்றுக் கொடுப்பதற்காகக் கப்பலாளியிடம் முகவர் கட்டணம் அறவிடுவதை இச்சமவாயம் தடைசெய்கிறது. மருத்துவச் சான்றிதழ், கப்பலாளர் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டுமே வேலை தேடுபவரைச் சேரும். இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் காணி உறுதியைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

முகாமில் நீங்கள் கேட்டது மாளிகையல்ல. கால் நீட்டிப் படுக்கவும், கதவைச் சாத்தவும், பிள்ளைகளின் புத்தகங்களை நனையாமல் வைக்கவும் ஓர் இடம். மனிதனாக இருப்பதற்குத் தேவையான அளவு அது. கடலில் உழைப்பவன் கேட்பதும் அந்த அளவையே. அதைக் கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு; அவனுக்காகக் குரல்கொடுக்க நமக்கும் கடமை உண்டு.