ஆறிய இரவுணவும் பத்து லட்சம் கையெழுத்தும்

2016 டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவுக்கு வந்தது. அது முதலில் கடைபரப்பிய பெரிய சரக்குகளில் ஒன்று, 'தி கிராண்ட் டூர்' என்ற கார் நிகழ்ச்சி. என் அண்ணன் மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அத்தை, மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்க" என்றான். பொங்கலுக்கு ஊர் வந்த சித்தப்பாக்களைப் பார்த்தவனைப் போல அவன் முகம் மலர்ந்திருந்தது. ஏன் போயிருந்தார்கள் என்று கேட்டேன். "அவர் யாரையோ அடிச்சிட்டாராம். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்றான். அவனுக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

நிகழ்ச்சியின் முதல் காட்சியை நானும் பார்த்தேன். லண்டனில் மழை. சாம்பல் நிற வானம். ஜெரமி கிளார்க்சன் ஒரு கட்டடத்திலிருந்து தலைகுனிந்து வெளியேறுகிறார். விமானம் ஏறுகிறார். அமெரிக்காவில் இறங்கியதும் வெயில். மஸ்டாங் காரில் பறக்கிறார். நண்பர்கள் ரிச்சர்ட் ஹாமண்டும் ஜேம்ஸ் மேயும் ஆளுக்கொரு மஸ்டாங்கில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பாலைவனத்தில் பெருங்கூட்டம் ஆர்ப்பரித்து வரவேற்கிறது. வனவாசம் முடித்து வந்தவருக்குப் பட்டாபிஷேகம் நடத்துவதுபோல் அது எடுக்கப்பட்டிருந்தது. நாயகனுக்கு யாரோ அநியாயம் செய்துவிட்டார்கள் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் வார்த்தையில்லாமல் ஊன்றப்படுகிறது.

நடந்தது இதுதான். 2015 மார்ச்சில், இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு விடுதி. பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்கான படப்பிடிப்பு முடிந்து இரவு நேரம் கழித்துக் கிளார்க்சன் வந்து சேர்கிறார். சமையலறை மூடியாகிவிட்டது. சூடாகச் சாப்பிட ஒன்றுமில்லை. அதற்காக உடன் வேலை பார்த்த ஒரு தயாரிப்பாளரைத் திட்டுகிறார், வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார், அடிக்கிறார். அடி ஏறக்குறைய முப்பது விநாடி நீடித்தது, அருகில் இருந்த ஒருவர் தலையிட்ட பிறகே நின்றது என்று பி.பி.சி.யின் விசாரணை சொன்னது. அடிவாங்கியவர் உதட்டில் ரத்தத்தோடு மருத்துவமனைக்குப் போனார். அவர் திருப்பி அடிக்கவில்லை, முறைப்படி புகார்கூடக் கொடுக்கவில்லை. மார்ச் 25 அன்று பி.பி.சி. கிளார்க்சனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

இதை என் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். காரைப் பற்றிய பேச்சு என்று அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி நிமிர்ந்து, "எங்கப்பா மாதிரியே இருக்காரு மேம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ரசம் ஆறிவிட்டதென்று தட்டு சுவரில் மோதிய சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த வகுப்பில் எத்தனை பேரோ. யார்க்‌ஷயர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. சோறு சூடாக இல்லையென்றால் யாரோ ஒருவர் அடிவாங்க வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்கு மனப்பாடம். அன்று அடிவாங்கியவர் ஆண். ஆனால் சோற்றுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில், மனைவி நிற்கும் இடத்தில், அவர் நிறுத்தப்பட்டார்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. கிளார்க்சனைத் திரும்ப எடுக்கச் சொல்லி இணையத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை பீரங்கி வண்டியில் ஏற்றி லண்டன் தெருக்கள் வழியாக பி.பி.சி. அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரதமர் டேவிட் கேமரன் அவரைத் தன் நண்பர் என்றும் பெருந்திறமைசாலி என்றும் சொன்னார். நிகழ்ச்சி நின்றுபோனால் தன் பிள்ளைகள் மனமுடைந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அடிபட்டவருக்கோ இணையத்தில் மிரட்டல்கள் வந்தன. கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஞாயிறு இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்த ஒரு மணி நேரம் பறிபோகிறதே என்ற வருத்தம் பலருக்கு இருந்திருக்கும். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. புரியாதது அதன் திசை. அந்த ஒரு மணி நேரத்தைப் பறித்தது யாருடைய கை என்று பார்க்காமல், யாருடைய உதடு என்று பார்த்தார்கள்.

அடுத்த மாதம் இன்னொன்று நடந்தது. டாப் கியரின் அடுத்த தொகுப்பாளராக நகைச்சுவைக் கலைஞர் சூ பெர்கின்ஸ் வரக்கூடும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. சூதாட்ட நிறுவனங்கள் அவர் பேரில் பந்தயம் வாங்கின, அவ்வளவுதான். யாரும் அவரை அழைத்திருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. அவர் செத்துப்போக வேண்டும் என்று ட்விட்டரில் எழுதிக் குவித்தார்கள். எரிந்து சாகவேண்டும் என்றார் ஒருவர். சூ பெர்கின்ஸ் ட்விட்டரை விட்டு விலகினார். அடித்தவரைத் திரும்ப அழைக்க ஊர்வலம் நடந்த அதே ஊரில், யாரையும் அடிக்காத ஒருத்தி, அந்த நாற்காலியில் உட்காரலாம் என்ற பேச்சு எழுந்ததற்கே, விரட்டப்பட்டாள்.

அந்த நாற்காலி என்ன, ஆண்களுக்கென்றே செய்யப்பட்டதா? 1977இல் டாப் கியர் தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளர்களில் ஒருவர் ஏஞ்சலா ரிப்பன் என்ற பெண். மோட்டார் இதழாளர் சூ பேக்கர் 1980 முதல் 1991 வரை அதில் கார்களை ஓட்டிப் பார்த்து விமர்சித்தார். தொண்ணூறுகளின் இறுதியில் விக்கி பட்லர்-ஹெண்டர்சன் இருந்தார். 2002இல் நிகழ்ச்சி புதுவடிவம் எடுத்தபோதுதான் அது ஆண்கள் கூடிக் கிண்டலடிக்கும் திண்ணையாக மாறியது. பெண்கள் இருந்த வீட்டிலிருந்து அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, இது எப்போதும் ஆண்கள் வீடாகத்தான் இருந்தது என்று பத்தே ஆண்டில் எல்லோரையும் நம்பவைத்துவிட்டார்கள்.

அந்தத் திண்ணைக்கு விருந்தாளியாக வந்த ஒருத்தியையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியப் பந்தய வீராங்கனை சபீன் ஷ்மிட்ஸ். நியூர்பர்க்ரிங் தடத்தின் 24 மணி நேரப் பந்தயத்தை 1996இலும் 1997இலும் வென்றவர். கிளார்க்சன் ஒரு ஜாகுவார் காரில் அந்தத் தடத்தைப் பத்து நிமிடத்துக்குள் சுற்றிவிட்டுப் பெருமைப்பட்டபோது, இதைச் சரக்கு வேனிலேயே செய்யலாமே என்றார் சபீன். சொன்னபடி ஃபோர்டு டிரான்சிட் வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றியும் காட்டினார். பத்து நிமிடத்தைத் தாண்டியது சில விநாடிகள்தான். அந்தக் காட்சியைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். யாரையும் மட்டந்தட்டாமல் ஒரு கார் நிகழ்ச்சியால் சிரிக்கவைக்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி, திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு. மூவருக்கும் அமேசான் 16 கோடி பவுண்டு ஒதுக்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. அடிபட்டவர் இனப் பாகுபாட்டுக்கும் உடற்காயத்துக்கும் வழக்குத் தொடுத்து, 2016 பிப்ரவரியில் ஒரு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட தொகையும் ஒரு மன்னிப்பும் பெற்றார் என்பதும் செய்தி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேலே நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 18 அன்று முதல் பகுதி வெளியானதும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். பழையபடியே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் தந்த உயர்ந்த பாராட்டு. உண்மைதான், பழையபடியேதான் இருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிடுவதில்லை, ஏனென்றால் நான் தன்பாலீர்ப்பாளன் இல்லை என்ற பொருளில் ஹாமண்ட் அந்த டிசம்பரில் சொன்னதற்கு அரங்கம் கைதட்டியது.

"வேடிக்கைக்குத்தானே அத்தை" என்றான் அண்ணன் மகன். நம்மிடம் காலம்காலமாகச் சொல்லப்பட்டுவரும் வாக்கியம் இது. பட்டிமன்றத்தில் மனைவியைப் பற்றிய நகைச்சுவைக்கும் இதுவே விளக்கம், சினிமாவில் கதாநாயகியை அறையும் காட்சிக்கும் இதுவே விளக்கம். அவனிடம் ஒன்றைக் கேட்டேன். 2011இல் இதே மூவர் ஜாகுவார் காரின் பின்புறத்தில் கழிப்பறையைப் பொருத்திக்கொண்டு இந்தியாவைச் சுற்றினார்கள், இந்தியத் தூதரகம் புகார் செய்தது, அதைப் பார்த்தபோதும் சிரித்தாயா? அவன் பதில் சொல்லவில்லை. சிரிப்பு தன் வீட்டு வாசலுக்கு வரும்வரை எல்லாமே வேடிக்கைதான்.

அந்த வேடிக்கை எங்கே போய் நின்றது என்பதையும் பார்த்தோம். 2022 டிசம்பரில், 'தி சன்' நாளிதழில், மேகன் என்ற பெண்ணைத் தெருத்தெருவாக நிர்வாணமாக நடத்திச் சென்று, கூட்டம் மலத்தை வீச வேண்டும் என்று தான் கனவு காண்பதாகக் கிளார்க்சன் எழுதினார். 25,000க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அவருடைய சொந்த மகளே பொதுவெளியில் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தப் பத்தி பாலினப் பாகுபாடு கொண்டது என்று பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பு 2023இல் தீர்ப்பளித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அவருடைய பண்ணை நிகழ்ச்சி அதே அமேசானில் தொடர்ந்தது. மறுபடியும் திரும்பி வந்துவிட்டார்.

இந்த மனிதரைத் திரையிலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பார்ப்பவர்களாகிய நம்மைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆண் எத்தனை முறை போனாலும் திரும்பி வர வழி திறந்திருக்கிறது. அந்த வழியைத் திறந்துவைப்பது அமேசான் மட்டுமில்லை, "வந்துட்டாங்க" என்று முகம் மலர்கிற நாமும்தான். வீட்டிலும் இதேதான். அடித்துவிட்டு வெளியே போன அப்பா மறுநாள் கையில் அல்வாவோடு வந்தால், வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அம்மாவின் வீங்கிய உதட்டைப் பார்க்காமலிருக்கப் பிள்ளைகள் அல்வாவைப் பார்க்கப் பழகிக்கொள்கிறார்கள்.

அந்த இரவில் யார்க்‌ஷயர் விடுதியில் சமைப்பவர் வேலை முடித்து வீட்டுக்குப் போயிருந்தார். எவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்தாலும், நேரம் முடிந்தால் அடுப்பை அணைக்கலாம், கதவைச் சாத்தலாம் என்பது அவருடைய உரிமை. இந்தக் கதையில் எனக்கு ஆறுதலாக இருப்பது அந்த ஒருவர்தான். நம் வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டுப் போக இடமில்லாத பெண்களை நினைத்துக்கொண்டு, அண்ணன் மகனிடம் ஒரு வேலை சொன்னேன். அன்றைய இரவுச் சாப்பாட்டை அவனே சூடுபண்ண வேண்டும், எனக்கும் சேர்த்து. முகம் சுளித்தான். ஆனால் எழுந்து போனான்.